ஒன்பதின்மர் காட்டிய உறுதி

கல்வி பயிலும் இடம் அன்பு வளரும் இடமாதல் வேண்டும். ஆயினும், சில வேளைகளில் அங்கேயே வலியோர் எளியோரை எள்ளி நகையாடுதலும், இழிபெயர் இட்டு அழைத்தலும், தள்ளியும் அடித்தும் துன்புறுத்தலும் நிகழ்வதுண்டு. அத்துன்பத்துக்கு ஆளாகும் இளைஞர் உள்ளத்தை முதலில் வாட்டுவது, 'நமக்குத் துணையாவார் ஒருவரும் இலர்' என்னும் எண்ணமே. அவ்வெண்ணத்தை வெல்வது எங்ஙனம் என்பதை அமெரிக்க நாட்டு மாணவர் ஒன்பதின்மரின் வரலாறு நமக்கு அறிவிக்கின்றது.

அந்நாட்டின் தென்பகுதியில், வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பினத்தார் பிள்ளைகளும் நெடுங்காலம் தனித்தனிப் பள்ளிகளிலேயே பயின்று வந்தனர். இவ்வாறு நிறம்பற்றிப் பிரித்தல் சட்டத்துக்கு மாறானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, 1957ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகராகிய லிட்டில் ராக் நகரின் மத்திய உயர்நிலைப்பள்ளியில் சேரக் கறுப்பின மாணவியர் அறுவரும் மாணவர் மூவரும் முன்வந்தனர்.

மாநில ஆளுநர் படைவீரரை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். செப்டம்பர் 4ஆம் நாள் அனைவரும் ஒருங்கு கூடிச் செல்வதென ஏற்பாடாகியிருந்தது. எலிசபெத் எக்போர்டு என்னும் பதினைந்து வயது மாணவியின் இல்லத்தில் தொலைபேசி இல்லாமையால், அச்செய்தி அவளுக்கு எட்டவில்லை. தனியே வந்த அவளைப் பெருங்கூட்டம் சூழ்ந்து வைதது. அவள் மறுமொழி கூறாது நடந்து, பேருந்து நிற்குமிடத்துப் பலகையில் அமர்ந்தாள். அப்பொழுது கிரேஸ் லார்ச் என்னும் வெள்ளை மாது ஒருவர் கூட்டத்தைக் கடிந்துரைத்து, அவளைப் பேருந்தில் ஏற்றித் தாமும் உடன் சென்றார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவரேனும் அறத்தின் பக்கம் நின்றமை நினைவிற் கொள்ளத்தக்கது.

குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் அனுப்பிய படையின் காவலோடு, செப்டம்பர் 25ஆம் நாள் ஒன்பதின்மரும் பள்ளியுட் புகுந்தனர். ஆயினும், காவலர் வகுப்பறைக்குள் வருவதில்லை. மாணவருட் சிலர் அவர்களை உதைத்தனர், மாடிப்படிகளில் தள்ளினர், மேலே உமிழ்ந்தனர். பலர் அவற்றைக் கண்டும் காணாதார்போல் இருந்தனர்.

ஒன்பதின்மரும் இவற்றைத் தம் நெஞ்சுக்குள்ளேயே புதைத்து வைத்தாரல்லர். பள்ளி முடிந்ததும் டெய்சி பேட்ஸ் என்னும் அம்மையாரின் இல்லத்திற் கூடினர். அன்று பட்டவற்றை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தனர். மறுநாள் நடந்துகொள்ளும் முறையை ஆராய்ந்தனர். மெல்பா பட்டிலோ என்பவள் நாட்குறிப்பு எழுதிவந்தாள். பிற்காலத்தில், 1994ஆம் ஆண்டில், அதன் துணைகொண்டு தம் வரலாற்றை அவர் நூலாக்கினார்.

பொறுமைக்கும் எல்லையுண்டு. திசம்பர்த் திங்களில் ஒருநாள், மின்னிஜீன் பிரவுன் என்னும் மாணவி உண்டிச்சாலையில் உணவுத் தட்டேந்தி நடந்தபோது, சிலர் நாற்காலிகளைத் தள்ளி வழிமறித்தனர். தட்டிலிருந்த குழம்பு அவர்கள்மேற் கொட்டியது. தண்டனை பெற்றவள் அவளே. மேலும் பூசல்கள் நிகழவே, 1958ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவள் பள்ளியினின்றும் நீக்கப்பட்டாள். துன்புறுத்துவோரை விடுத்துத் துன்புற்றாரைத் தண்டித்தல் நடுவுநிலைமை ஆகாது. அவளோ மனமுடைந்து கல்வியைக் கைவிடாமல், நியூயார்க்கு நகரம் சென்று பயின்றாள்.

எஞ்சிய எண்மரும் அவ்வாண்டை நிறைவு செய்தனர். அவருள் மூத்த வகுப்பினனாகிய எர்னஸ்ட் கிரீன், 1958ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற்றான். பிறர் பெயர் கூறப்பட்டபோது எழுந்த கையொலி, அவன் பெயர் கூறப்பட்டபோது எழவில்லை. ஆயினும் அவன் தளர்ந்தானல்லன். தான் வந்த செயல் முடிந்தது என்பதை அவன் உணர்ந்திருந்தான். நாற்பதாண்டு கழித்து, 1997ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவர் கிளிண்டன் அப்பள்ளியின் கதவைத் தாமே திறந்து ஒன்பதின்மரையும் வரவேற்றார்.

மாணவர்களே! உள்ளத்துறுதி என்பது வாய்மூடித் தனியே துன்புறுதல் அன்று. பிறர் இழித்துரைப்பதால் நம் தகுதி குன்றுவதில்லை என்று தெளிதலும், நண்பரோடு சேர்ந்து நிற்றலும், பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அஞ்சாது உரைத்தலும், மேற்கொண்ட கல்வியைக் கைவிடாமையுமே அதன் கூறுகள். பிறன் ஒருவன் துன்புறுத்தப்படக் காணுங்கால், வாளா நில்லாது அவன் அருகிற் சென்று நிற்பதும் நம் கடமையாகும்.