மரத்தில் துளை போடுமுன்: டிரில் பிட் குறிப்புகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் இப்போது டிரில்லிங் மெஷின் இருக்கிறது. மெஷினை விசாரித்து வாங்குகிறவர்கள், பிட்டை மட்டும் டப்பாவில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். கதவும் அலமாரியும் பாழாவது அதனால்தான்.

1. சுவர் பிட் மரத்துக்கு ஆகாது. நுனியில் தண்டைவிட அகலமாக ஒரு கார்பைடு துண்டு பதித்திருந்தால் அது சுவர் பிட். காங்கிரீட்டை இடித்துப் பொடிக்கும், மரத்தை அறுக்காது. மெஷின் சுத்தியல் படம் போட்ட குறியில் இருந்தால், மறக்காமல் டிரில் படக் குறிக்கு மாற்றிவிடுங்கள்.

2. மர பிட்டின் நடுவே ஊசிமுனையும், ஓரங்களில் கூரான விளிம்பும் இருக்கும். ஊசி, குறித்த இடத்தை விட்டு நகராது. விளிம்பு நாரை முதலில் அறுத்துவிடுவதால் துளையின் வாய் பிசிறடிக்காது. 5 மி.மீ.க்குக் குறைந்த துளைக்கு இரும்புக்கான எச்.எஸ்.எஸ். பிட்டே போதும். ஆணியால் ஒரு புள்ளி குத்திவிட்டு வையுங்கள், வழுக்காது.

3. ஸ்குருவை நேரே முறுக்கினால் தேக்கும் வேங்கையும் ஓரத்தில் பிளக்கும். முதலில் சிறு துளை போட வேண்டும். அளவு தெரிய, பிட்டை ஸ்குருவுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். நடுத்தண்டு மறைந்து, இருபக்கமும் மரை மட்டும் தெரிந்தால் அதுதான் சரியான பிட். 8ஆம் நம்பர் ஸ்குருவுக்குப் பிளைவுட்டில் 2.5 மி.மீ., கெட்டி மரத்தில் 3 மி.மீ. போதும். மரையில் கொஞ்சம் சோப்போ மெழுகோ தடவினால் சுலபமாக இறங்கும். பித்தளை ஸ்குரு என்றால் அதே அளவு இரும்பு ஸ்குருவை முதலில் ஏற்றி இறக்குங்கள். இல்லையென்றால் தலை முறிந்து, தண்டு உள்ளேயே நின்றுவிடும்.

4. சமையலறை அலமாரியின் ஆட்டோ கீலுக்கு 35 மி.மீ. குழி வேண்டும், ஆழம் சுமார் 12 மி.மீ. அதற்கென்றே தட்டையான அடியுள்ள பிட் விற்கிறது. வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பலகையில் கவனம் தப்பினால் மைக்காவைத் துளைத்து வெளியே வந்துவிடும்.

5. பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்து, இரண்டையும் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். மறுபக்கம் சில்லு பெயராது.

6. சக் சாவியை மூன்று ஓட்டைகளிலும் போட்டு முறுக்குங்கள். ஒன்றில் மட்டும் முறுக்கினால் பிட் நழுவும். துப்பட்டா, முந்தானை, கையுறை எதுவும் அருகில் வரக்கூடாது.

7. சுருள் சுருளாகச் செதில் வந்தால் பிட் கூராக இருக்கிறது. மாவாகக் கொட்டி, கருகல் வாடை வந்தால் முனை மழுங்கிவிட்டது, அழுத்தாதீர்கள். பிளைவுட்டின் பசை முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி லேத் பட்டறைகள் ஏராளம். எச்.எஸ்.எஸ். பிட்டைத் தூக்கிப் போடுமுன் அங்கே சாணை பிடிக்கக் கேட்டுப் பாருங்கள்.

8. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிட் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள்.

9. கடைக் கண்ணாடி மேஜைமேல் பிட்டை உருட்டிப் பார்த்து வாங்குங்கள், வளைந்திருந்தால் தள்ளாடும். மலிவான பெரிய செட் வேண்டாம். 2.5, 3, 6 மி.மீ. என மூன்று நல்ல பிட்டுகள் போதும், பெரும்பாலான வீட்டு வேலை முடிந்துவிடும்.