டெங்கு: நகரத்துக் காய்ச்சல் நம் தெருவுக்கு வந்த வழி

டெங்கு பெரிய ஊர்களின் நோய் என்று நம்மில் பலர் இன்றும் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் அது சரிதான். 1963-இல் கல்கத்தாவில் பெரிய அளவில் பரவியது. 1996-இல் டெல்லியில் 10,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 400-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

பிறகு நிலைமை மாறியது. 2012-இல் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 66 பேர் இறந்தனர். அந்த ஆண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் கடையநல்லூர் வட்டாரம் மிகவும் அவதிப்பட்டது. 2017-இல் மாநிலத்தின் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது. இன்று இமாச்சலப் பிரதேசம் போன்ற மலை மாநிலங்களிலும் டெங்கு உண்டு.

எப்படிப் பரவியது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் பறப்பதில்லை. நோயை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்பவர்கள் மனிதர்களே. காய்ச்சலோடு ஒருவர் பஸ் ஏறி ஊருக்கு வருகிறார். அவரைக் கடித்த கொசு, ஏறத்தாழ பத்து நாளில் மற்றவருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்குகிறது. பழைய டயர், டிரம் ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் முட்டைகளும் லாரியில் பயணம் செய்கின்றன. அந்த முட்டை காய்ந்த நிலையிலேயே பல மாதம் தாங்கும். தண்ணீர் பட்டதும் பொரியும்.

இந்தக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். தேங்கிய நல்ல தண்ணீர் போதும். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊர்களில் நாம் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். கிராமத்தில் அதற்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை

செட்டிநாட்டில் பூட்டிய வீடுகள் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். மழைக்காலத்தில் முற்றத்திலும், பழைய தொட்டியிலும், கவிழ்க்காத அண்டாவிலும் தண்ணீர் நிற்கும். தெருவே சுத்தமாக இருந்தாலும் அப்படி ஒரு வீடு போதும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படுத்துவிட.

• வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், தொட்டி, டிரம்களைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் முட்டை போகாது.
• பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை இடைவெளியில்லாமல் மூடுங்கள்.
• ஆட்டுக்கல், உரல், சிரட்டை, டயர், ஃபிரிட்ஜின் பின்தட்டு ஆகியவற்றைப் பாருங்கள்.
• பூட்டிய வீட்டின் சாவி உங்களிடம் இருந்தால், மழைக்குப் பின் ஒருமுறை திறந்து பாருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் சாவியை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.
• இந்தக் கொசு பகலில் கடிக்கும். பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால்

இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறையக் கொடுங்கள். கடையில் கேட்டு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

காய்ச்சல் இறங்கியதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிட்டுப்போதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு தெருவிலும் நான்கு பேர் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளைக் காக்கலாம்.