பாக்குத்தெண்டல் – ஒரு பழஞ்சொல்லின் பொருள்

வைகாசி பிறந்தால் வன்னி மக்களின் வாயில் தவறாது வரும் சொல் 'பாக்குத்தெண்டல்'. முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கல் திங்கட்கிழமையில் நடைபெறும். அதற்கு இரு வாரம் முந்திய திங்களில் பாக்குத்தெண்டலும், ஒரு வாரம் முந்திய திங்களில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்தலும் இடம்பெறும். உப்புநீரில் விளக்கெரியும் அற்புதத்தை எல்லோரும் அறிவர். ஆனால் "தெண்டல் என்றால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், "அது ஒரு சடங்கு" என்பதோடு நம்மிற் பலர் நிறுத்திக்கொள்கின்றோம்.

இச்சொல்லின் மூலவடிவம் 'தண்டல்' ஆகும். 'தண்டுதல்' என்றால் பலரிடமிருந்து பெற்றுச் சேர்த்தல். தண்டம் 'தெண்டம்' என்றும், தண்டனிடுதல் 'தெண்டனிடுதல்' என்றும் பேச்சில் மாறியது போலவே தண்டலும் தெண்டலாயிற்று. ஆகவே பாக்குத்தெண்டல் என்பது பாக்குச் சேர்த்தல் என்றே பொருள்படும்.

தமிழகத்துப் பழைய கல்வெட்டுகளில் வரி சேர்ப்பதற்கு இச்சொல்லே வழங்கியது. அங்கே வரி சேர்க்கும் அலுவலரை இன்றும் வரித்தண்டலர் என்பர். சென்னையில் நாளாந்தம் சேர்க்கும் வட்டிக்கடனுக்கும் 'தண்டல்' என்றே பெயர். நமது அரச அலுவலகங்களில் 'அறவீடு' என்று எழுதுகின்றோம். பேச்சில் 'வசூல்' என்கின்றோம். வசூல் அரபு மூலத்தையுடைய சொல். நம் முன்னோரின் சொல்லோ அம்மன் சடங்கிலே அழியாமல் இருக்கின்றது.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிமைகள் திறையாக யானைகளைக் கொடுத்தனர். அரசன் தண்டினால் யானை. அம்மன் தண்டினால் பாக்கு! ஏழையின் கையிலும் ஒரு பாக்கு இருக்கும். அதைக் கொடுத்தவர் எவரோ அவருக்குப் பொங்கலில் பங்குண்டு.

2009இன் பின் இடம்பெயர்வுகளிலிருந்து மீண்டு நம் ஆலயங்களைக் கட்டியெழுப்பி வருகின்றோம். வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் பெருந்தொகை உதவுகின்றனர், அது போற்றத்தக்கது. ஆயினும் ஒருவரே எல்லாப் பொருளையும் வாங்கித் தந்துவிட்டால் அங்கே தெண்டல் இல்லை. பலர் கொடுத்தாற்றான் அச்சொல்லுக்குப் பொருளுண்டு.

எனவே நோட்டீஸ் அச்சிடும் இளைஞர்கள் இச்சொல்லைப் பிழையென எண்ணி மாற்றாதிருப்பார்களாக. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி அரிசியோ ஒரு பாக்கோ நம் ஆலயத்திற்கு வந்து சேரட்டும். அம்பாளின் திருவருள் எல்லோருக்கும் கிட்டுவதாக.