பரங்கிப்பேட்டைப் போரும் மாதிரி அரண்களும்

அரணின் அருமையைத் தமிழ்ச் சான்றோர் நன்குணர்ந்திருந்தனர். திருக்குறளின் 75ஆம் அதிகாரமே ‘அரண்’. மதுரை மதிற்பொறிகளைச் சிலப்பதிகாரம் நிரல்பட உரைக்கின்றது. ஆயினும் கண்காட்சிக்குப் போர்க்கள மாதிரி சமைக்கும் மாணவர் சிலர், கடையில் விற்கும் கான்கிரீட் பதுங்கறைகளை வாங்கி ஒட்டிவிடுகின்றனர். இரண்டாம் உலகப்போர்க் கால ஐரோப்பாவுக்குரிய அவ்வுருவம் ஐதர் அலியின் களத்திற்கு எங்ஙனம் பொருந்தும்?

1781 சூன் திங்களில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஐதரின் வீரர் காத்துநின்ற சிதம்பரம் கோயிலைத் தாக்கி, இயலாது பின்வாங்கினார். ஆண்டு அரணாய் நின்றது கருங்கல் மதில். பரங்கிப்பேட்டையிலோ நிலை வேறு. கடலூர் செல்லும் வழியை மறித்து ஐதர் எழுப்பியவை மண்ணாலான பீரங்கி மேடைகள். சூலை முதல் நாள் கூட் அவற்றை நேர்நின்று மோதவில்லை. கடலோர மணல்மேடுகளின் மறைவில் ஒதுங்கிச் சென்று, இடைவெளியொன்றின் வழியே புகுந்து வென்றார். எனவே மணல்மேடு இல்லாத மாதிரி, எத்துணை அழகியதாயினும், அத்தோல்வியின் காரணத்தை விளக்காது.

72இல் ஒரு பங்கு என அளவு கொள்ளின், ஐந்தரை அடி வீரன் 2.3 செ.மீ. உயரமும், ஆறடி மண்சுவர் இரண்டரை செ.மீ. உயரமும் பெறும். தெர்மோகோலைச் சரிவாகச் சீவி, கோந்து தடவி, துணியில் சலித்த மணலைத் தூவுதல் நன்று. சலியாத மணல் இவ்வளவில் கூழாங்கல்லாகவே தோன்றும்! பீரங்கி வாய்கள் தெற்கே பரங்கிப்பேட்டையை நோக்குக. மணல்மேடுகள் கிழக்கே அமைக.