பூனையும் கூலன்ட்டும்

லடாக்கிலும் காஷ்மீரிலும் குளிர் அதிகம். குளிர்காலத்தில் லாரியின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்துவிடும். இன்ஜினே வெடித்துப் பிளந்துவிடும். அதனால் கூலன்ட் ஊற்றுகிறார்கள். இன்ஜின் சூட்டைத் தணிக்க மற்ற ஊர்களிலும் ஊற்றுகிறார்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று பல நிறங்களில் கிடைக்கிறது.

பல கூலன்ட்டுகளில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கிறது. இது கொடிய நஞ்சு.

பூனையின் வயிற்றுக்குள் இது எப்படிப் போகிறது?

கூலன்ட் இனிக்கும். நாய் இனிப்புக்காக நக்கும். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. ஆனால் நிழலுக்காக வண்டிக்கு அடியில் படுக்கும். தரையில் ஒழுகிய கூலன்ட் காலிலும் முடியிலும் ஒட்டும். பூனை சுத்தமான பிராணி. தன் உடம்பைத் தானே நக்கும். நஞ்சு உள்ளே போய்விடும். 4 கிலோ எடையுள்ள பூனையைக் கொல்ல, தண்ணீர் கலக்காத கூலன்ட் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பூனை குடித்தவர் போலத் தள்ளாடும். வாந்தி எடுக்கும். பிறகு சோர்ந்து சுருண்டு படுக்கும். "தூங்குகிறது, எழுந்தால் சரியாகிவிடும்" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில்தான் கல்லீரல் கூலன்ட்டை அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக அடைக்கிறது. ஒரே நாளில் சிறுநீரகம் கெட்டுவிடும். சிறுநீர் நின்றுவிடும். அதற்குப் பிறகு பிழைப்பது அரிது.

மருத்துவம் என்ன?

கால்நடை மருத்துவர் எத்தனால் என்ற சாராயச் சத்தை அளவோடு ஊசி வழியாக ஏற்றுவார். கல்லீரல் அதைத்தான் முதலில் செரிக்கும். அதற்குள் கூலன்ட், அமிலமாக மாறாமலே சிறுநீரில் வெளியேறும். நஞ்சு உள்ளே போன 3 மணி நேரத்துக்குள் மருத்துவம் தொடங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. காலிலும் முடியிலும் கூலன்ட் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள்.
2. உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் மருத்துவ வண்டி வரும்.
3. கூலன்ட் டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

1. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
2. வீட்டில் சாராயம் ஊற்றாதீர்கள். அளவு தவறினால் மூச்சே நின்றுவிடும்.

வருமுன் காப்போம்

சிந்திய கூலன்ட் மேல் மணல் அல்லது மரத்தூள் போட்டு அள்ளுங்கள். பிறகு அந்த இடத்தை நன்றாகக் கழுவுங்கள். பழைய கூலன்ட்டைத் திறந்த தட்டில் விடாதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். குழந்தை எடுத்துக் குடித்தால் அதன் உயிருக்கும் இதே ஆபத்துதான்.

பதில் சொல்லுங்கள்

1. இனிப்பே தெரியாத பூனைக்குள் கூலன்ட் எப்படிப் போகிறது?
2. எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவம் தொடங்க வேண்டும்? ஏன்?
3. உங்கள் ஊர்ப் பட்டறையில் பழைய கூலன்ட்டை எங்கே கொட்டுகிறார்கள்? கேட்டு எழுதுங்கள்.