எக்ஸ்ரே படம் யாருக்குச் சொந்தம்?

உடுமலைப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறீர்கள். பிலிமுடன் சிடியும் தருகிறார்கள். இதை இன்டர்நெட்டில் போடலாமா? அடுத்தவர் போட்ட எக்ஸ்ரேயை நாம் எடுத்துப் பயன்படுத்தலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் எக்ஸ்ரே என்ற பெயர் இல்லை. ஆனால் போட்டோ எடுப்பதைப் போன்ற எந்த முறையில் உருவான படமும் போட்டோதான் என்கிறது. 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவிற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இந்தக் கணக்கில் உங்கள் எக்ஸ்ரே உங்கள் பக்கம்தான் வருகிறது.

எதிர்வாதமும் உண்டு. 2007ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பு போதாது, திறமையும் சிறிதளவு படைப்புத்தன்மையும் வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். எலும்பை உள்ளபடியே காட்டும் படத்தில் படைப்பு எங்கே என்று கேட்கலாம். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் எக்ஸ்ரே படங்களைப் பதிவு செய்வதில்லை. ஜெர்மனியிலோ சாதாரணப் போட்டோவிற்கும் 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு. எனவே, அடுத்தவர் படம் என்றால் அனுமதி கேட்பதே நல்லது.

ராண்ட்ஜன் 1895ல் எடுத்த தன் மனைவியின் கை எக்ஸ்ரேவை மட்டும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவர் 1923லேயே இறந்துவிட்டார். இங்கு உரிமைக் காலம், எடுத்தவர் இறந்த பின் 60 ஆண்டுகள்தான்.

பெயர் வெளியே போகலாமா?

பதிப்புரிமையை விடப் பெரிய விஷயம் இதுதான். நோயாளி யாரென்று தெரியும்படி படத்தை அனுமதியின்றி டாக்டர் வெளியிடக்கூடாது என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். ஆனால் நாமே அவசரத்தில் வெளியிட்டுவிடுகிறோம். சிடியில் இருப்பது பெரும்பாலும் டைகாம் வகை பைல். படத்துடன் பெயர், பிறந்த தேதி, நோயாளி எண் ஆகியவையும் அதனுள்ளே இருக்கும். பைலின் பெயரை மாற்றினால் இவை அழியாது.

எனவே இப்படிச் செய்யுங்கள்:

1. சிடியில் உள்ள வியூவர் புரோகிராமில் படத்தைத் திறந்து, ஜேபெக் பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

2. அதை பெயிண்ட்டில் திறந்து, ஓரங்களில் உள்ள பெயர், எண், தேதியை கிராப் செய்து நீக்குங்கள். வேறு பெயரில் சேவ் செய்யுங்கள்.

3. செல்போனில் எடுத்த படம் என்றால், எடுத்த இடம்கூடப் பதிவாகியிருக்கலாம். விண்டோஸில் பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்று, கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் லிங்கை கிளிக் செய்யுங்கள்.

சிகிச்சை தரும் டாக்டருக்கு மட்டும் ஒரிஜினல் டைகாம் பைலையே கொடுங்கள். ஜேபெக்கில் நுணுக்கமான விவரங்கள் குறைந்துவிடும்.