டாக்டர் சீட் கிடைக்கவில்லையா? ஆஸ்பத்திரியில் இன்னும் பல நாற்காலிகள் இருக்கின்றன!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. நீட் மார்க்கும் வந்தாச்சு. பெண்ணுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. அப்பா, ‘இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும்’ என்கிறார். அம்மா, ‘பேசாம இன்ஜினீயரிங்ல சேர்த்துடலாமே’ என்கிறார். பாட்டி மட்டும், ‘நர்ஸ் படிப்பு இருக்கே’ என்று சொல்ல, எல்லோரும் பாட்டியை முறைக்கிறார்கள். புதுச்சேரியில் வருடா வருடம் எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதைதான் இது.

பாட்டி சொன்னதில் தப்பே இல்லை. மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டும்தான் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு நோயாளி, எத்தனை கைகள்?

பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன், உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்ய வேண்டும். அந்த ஸ்கேனை எடுப்பவர் ரேடியாலஜி டெக்னீஷியன். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உறையும் தன்மை எப்படி என்று சோதிப்பவர் லேப் டெக்னீஷியன்.

பெரியவர் பிழைத்துவிட்டார். பசிக்கிறதே என்று உடனே கஞ்சி கொடுக்கலாமா? கூடாது. விழுங்கும் சக்தி பாதிக்கப்பட்டிருந்தால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். விழுங்க முடிகிறதா என்று முறையாகச் சோதித்து, வாய் வழியாக எது கொடுக்கலாம் என்று சொல்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பவர் நர்ஸ். கை, காலை மறுபடி அசைய வைப்பவர் பிசியோதெரபிஸ்ட். உப்பு, எண்ணெய், சர்க்கரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் டயட்டீஷியன். காப்பீட்டுக்கு எங்கே மனு கொடுப்பது, வீட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது, உடைந்துபோயிருக்கும் மனைவிக்கு யார் தைரியம் சொல்வது? அதற்கு மருத்துவ சமூகப் பணியாளர்.

எண்ணிப் பாருங்கள், டாக்டர் நீங்கலாகவே ஏழு பேர். ஏழு பேரும் அதற்கென்றே படித்தவர்கள்.

நம்ம ஊரில் என்ன இருக்கிறது?

புதுச்சேரிக்கு இதில் ஒரு பழம்பெருமை உண்டு. 1823-ல் பிரெஞ்சு அரசு இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகு, 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவே 1964-ல் ஜிப்மர் ஆனது. 2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியும் பெற்றது.

கோரிமேட்டில் இருக்கும் அந்த ஜிப்மரில் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. லேப், ரேடியாலஜி போன்ற பி.எஸ்சி. படிப்புகளும் இருக்கின்றன. இவற்றுக்கும் நீட் மார்க்கைப் பார்த்தே சேர்க்கை நடந்துவருகிறது. ஆகவே டாக்டர் சீட்டுக்குப் போதாத மார்க்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! ஜிப்மர் தனியாக அறிவிப்பு வெளியிடும். நீட் எழுதியதோடு நில்லாமல் அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

புதுச்சேரி அரசின் அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிலையத்தில் நர்சிங், பார்மசி, பிசியோதெரபி போன்றவை உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சேர்க்கை சென்டாக் வழியாக நடக்கும். குடியிருப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே தாலுகா ஆபீசில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் ஓடினால் கிடைக்காது.

காலாப்பட்டில் 1985-ல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி, உளவியல் துறைகளில் முதுகலை படிக்கலாம்.

பயாலஜி எடுக்காதவர்கள் என்ன செய்வது?

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீத மார்க் தேவை. பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். நான்கு வருடப் படிப்பு.

காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜி.என்.எம். என்ற மூன்று வருட நர்சிங் டிப்ளமோவில் எந்த குரூப் படித்தவரும் சேரலாம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி சொல்கிறது. ஆங்கிலத்தில் பாஸாகி, மொத்தத்தில் 40 சதவீதம் எடுத்திருந்தால் போதும். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைக்குப் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், இரண்டு வருடம்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

பெயர்ப்பலகை பெரிதாக இருக்கிறதே என்று நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, சர்ட்டிபிகேட் செல்லாது என்று பிறகு தெரிந்தால்? பணமும் போச்சு, பிள்ளையின் நாலு வருஷமும் போச்சு. அதனால் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. அங்கீகாரம் யாருடையது? நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில். பார்மசி என்றால் பார்மசி கவுன்சில். ஸ்பீச் தெரபி என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில். பிசியோதெரபி, லேப் போன்ற படிப்புகளுக்கென்று 2021-ல் தனிச் சட்டம் வந்து, தேசிய ஆணையமும் அமைந்திருக்கிறது. கல்லூரி காட்டும் காகிதத்தோடு நிற்காமல், கவுன்சிலின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

2. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? நோயாளியைத் தொடாமல் இந்தப் படிப்பைக் கற்க முடியாது. அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய், வார்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

3. தபால் வழியா? வேண்டவே வேண்டாம். உளவியல், உணவு ஊட்டச்சத்து உள்ளிட்ட ஆரோக்கியத் துறைப் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று 2025-ல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது.

4. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கேட்கிறார்களா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இது 2018-லேயே யு.ஜி.சி. சொன்னது.

‘பாரீஸ்ல மாமா இருக்காரு...’

நம்ம ஊரில் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது! இங்கே நர்சிங் முடித்த கையோடு பிரான்ஸில் நர்ஸாகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நம் பட்டம் அங்கே நேரடியாகச் செல்லாது. அந்த நாட்டின் அரசு டிப்ளமோ வேண்டும். ஜெர்மனிக்குப் போக நினைத்தால் ஜெர்மன் மொழியைப் பொதுவாக பி-2 நிலை வரை தேற வேண்டும். ஏஜென்ட் என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்தபின் உடம்பைக் கவனியுங்கள்

நர்சிங், லேப் மாணவர்களுக்கு ஊசி குத்தும் ஆபத்து எப்போதும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணையாகப் போட்டுவிட வேண்டும். தப்பித்தவறி ஊசி குத்திவிட்டால் சோப்பு, தண்ணீரால் கழுவிவிட்டு, பயந்து மறைக்காமல் உடனே சீனியரிடம் சொல்ல வேண்டும். நோயாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியச் சொல்லுங்கள். நைட் டியூட்டி முடிந்து வரும் பிள்ளையைப் பகலில் தூங்க விடுங்கள்; கடைக்கு அனுப்பாதீர்கள்!

கடைசியாக ஒன்று. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிற பிள்ளையை வலுக்கட்டாயமாக நர்சிங்கில் தள்ள வேண்டாம். அதே பிள்ளை சமூகப் பணியிலோ உளவியலிலோ பிரமாதமாக வரலாம். பையன் நர்சிங் படிக்கிறேன் என்றால் சிரிக்கவும் வேண்டாம். ஆண் நர்ஸ்களும் வார்டுகளுக்குத் தேவைதான். விண்ணப்பத்தை நிரப்பும் முன் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முன்பின் தெரியாத ஒருத்தர் வலியில கத்தும்போது பக்கத்துல நிற்க உனக்கு மனசு வருமா?’ வரும் என்று சொன்னால், மற்றதைக் கல்லூரியில் கற்றுக்கொள்ளலாம்.